நாற்பத்தாறு அடி

பிப்ரவரி, முதல் ஞாயிறு

வண்டி இரண்டையும் வெளியே பனியில் விட்டுவிட்டுக் கராஜுக்குள் வலை கட்டினேன். வலைக்கு முன்னால் டீ. குடிக்கிற டீ இல்லை. இடுப்புயரத்துக்கு ஒரு குழாய், அதன் தலையில் ரப்பர் கிண்ணம் மாதிரி ஒன்று. பந்தை அதில் உட்காரவைத்தால் யாராவது வந்து அடிக்கும்வரை அங்கேயே இருக்கும். பையனுக்குப் பத்து முடிந்து பதினொன்று நடக்கிறது. போன சீசனில் அவன் உருப்படியாக அடித்த பந்துகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். கட்டைவிரல் மிச்சமாகும்.

"இது சின்னப் பசங்க யூஸ் பண்றதுப்பா."

மேஜர் லீக் ஆட்டக்காரர்களும் டீயில் வைத்து அடித்துத்தான் பழகுகிறார்கள் என்றேன். நம்பவில்லை. யூடியூபில் காட்டினேன், நம்பினான். இந்த வீட்டில் என் வாக்குக்கு யூடியூபுக்கு அடுத்த இடம்தான்.

நியூ ஜெர்சியில் இந்த மாதம் பேஸ்பால் என்றால் கராஜுக்குள்தான். ஐம்பது பந்து அடித்தான். டக், டக் என்று ஒரே தாளம். நான் ஒவ்வொரு பந்துக்கும் ஏதாவது சொல்லிக்கொண்டே இருந்தேன்.

*

திண்டுக்கல்லில் தெருக் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவன் நான். சுவரில் கரிக்கோட்டு ஸ்டம்பு, சாக்கடையில் விழுந்தால் எடுத்துக் கழுவி ஆடுகிற ரப்பர் பந்து. அதனால் மட்டை என்று ஒன்று இருந்தால் அதைப் பற்றி எனக்குத் தெரியும் என்ற எண்ணம் முதல் இரண்டு வாரம் இருந்தது. முழங்கையைத் தூக்கு, மட்டையை நேராக இறக்கு என்றெல்லாம் சொன்னேன். சொன்னதை அவன் அப்படியே செய்தான். பந்து தரையில் உருண்டது.

கிரிக்கெட் மட்டைக்கு முகம் உண்டு. தரையில் பட்டு எழும்பி வருகிற பந்துக்கு நேராக அந்த முகத்தைக் காட்டினால் கதவைச் சாத்துகிற மாதிரி. பேஸ்பாலில் மட்டையும் உருளை, பந்தும் உருண்டை. பந்தின் குறுக்களவே மூன்று அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. மட்டையின் பருத்த பகுதி அதைவிடக் குறுகல். மட்டை கொஞ்சம் கீழே போனால் பந்து வானத்துக்கு, கொஞ்சம் மேலே போனால் தரைக்கு. இரண்டு கோலிக்குண்டுகளை மோதவிட்டு ஒன்றை நேர்கோட்டில் அனுப்பப் பார்க்கிற வேலை.

நாங்கள் ஆடியதில் இதற்குப் பக்கத்தில் வருவது கிட்டிப்புள். புள்ளின் நுனியில் தட்டி, அது எழும்பிச் சுழலும்போதே காற்றில் வைத்து அடிப்போம். தரையில் படுகிற பேச்சே இல்லை. அதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நாங்கள் எங்கே ஆடுகிறோம் என்பதே எங்கள் அப்பாக்களுக்குத் தெரியாது.

*

மார்ச்

அடியின் விசை கையிலிருந்து வருகிறது என்றுதான் எல்லாப் பிள்ளைகளும் நினைக்கிறார்கள். இவனும் கையால் வீசுகிறான். முகம் சிவக்கிறது, பல்லைக் கடிக்கிறான், பந்து பத்தடி போகிறது. பெரிய ஆட்டக்காரர்களை மெதுவோட்டத்தில் பார்த்தால் வரிசை தெரிகிறது. முன்கால் ஊன்றும், இடுப்பு திரும்பும், தோள் அதைத் தொடரும், கை அதற்குப் பிறகு, மட்டை எல்லாவற்றுக்கும் கடைசி. ஒவ்வொன்றும் முந்தையது இழுத்துத்தான் வருகிறது.

இதை எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தடுமாறினேன். அப்புறம் அம்மாவின் துவைகல் ஞாபகம் வந்தது. ஈரப் போர்வையைத் தூக்கிக் கல்லில் அறையும்போது அவள் இடுப்புதான் முதலில் திரும்பும்.

சனிக்கிழமை வீடியோவில் அம்மாவை அழைத்தேன். விஷயத்தைச் சொன்னதும் போனை அத்தையிடம் கொடுத்துவிட்டுக் கொல்லைக்குப் போனாள். வாஷிங் மெஷின் வந்த பிறகு துவைகல்லின்மேல் பூந்தொட்டி உட்கார்ந்திருக்கிறது. தொட்டியை நகர்த்திவிட்டு, ஒரு துண்டை வாளியில் முக்கி எடுத்து, எழுபத்திரண்டு வயதில் நான்கு அடி அடித்துக் காட்டினாள். நான்காவதில் தண்ணீர் தெறித்துத் திரையே மங்கிப்போனது.

"கையால அடிச்சா கைதான் வலிக்கும் ராசா. இடுப்பால அடி."

பையன் கராஜுக்குப் போய் ஒரு துண்டை நனைத்து எடுத்துக்கொண்டான். மட்டை இல்லாமல் அரைமணி நேரம் துண்டையே வீசினான். துண்டின் நுனி சரியான நேரத்தில் சொடுக்கினால் சாட்டைச் சத்தம் வரும், கையை முன்னால் விட்டால் வராது. எப்போது சரி, எப்போது தப்பு என்று துண்டே சொல்லிவிட்டது. அன்று எனக்கு வேலையே இல்லை. அது அப்போது எனக்கு ஒரு குறையாகத்தான் பட்டது.

*

46 அடி. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களின் லிட்டில் லீக் ஆட்டத்தில் பந்தெறிபவனுக்கும் ஹோம் பிளேட்டுக்கும் நடுவே உள்ள தூரம். பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் கார்ல் ஸ்டாட்ஸ் என்பவர் 1939-ல் தொடங்கிய சிறுவர் லீக் இது. பெரியவர்களின் மைதானத்தைச் சிறுவர்களின் அளவுக்குச் சுருக்கியதுதான் இதில் முக்கியமான காரியம். பெரியவர்களுக்கு 60 அடி 6 அங்குலம்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 50 மைல் வேகத்தில் ஒரு பையன் எறிந்தால் பந்து நொடிக்கு 73 அடி போகும். எறிகிற கை முன்னால் நீண்டு விடுவதைக் கழித்தால் பிளேட்டுக்கு வர அரை நொடிக்குக் கொஞ்சம் மேல். மேஜர் லீக்கில் 90 மைலுக்கு மேல் வருகிற பந்துக்கு ஏறக்குறைய 0.4 நொடி. மட்டையை வீசி முடிக்கவே அதில் 0.15 நொடி போய்விடும். மிச்சத்தில்தான் பார்க்க வேண்டும், அடிக்கலாமா விடலாமா என்று முடிவும் எடுக்க வேண்டும். மட்டையும் பந்தும் தொட்டுக்கொண்டிருப்பது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான்.

"கண்ணை எடுக்காதே" என்று சொல்லிப் பார்த்துக் கடிகாரத்தில் அளந்தேன். ஒரு நொடிக்கும் மேல். நான் சொல்லி முடிப்பதற்குள் பந்து கேட்சரின் கையுறைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

*

ஏப்ரல், மூன்றாவது ஆட்டம்

குளிர். இந்தக் குளிரில் மட்டையின் கழுத்தில் பந்து பட்டால் கை முழுக்க மின்சாரம் பாய்ந்த மாதிரி அதிரும். இரண்டாவது இன்னிங்ஸில் எதிரணியின் உயரமான பையன் எறிந்த பந்து கைநழுவி உள்ளே வந்தது. இவன் விலகத் தெரியாமல் அப்படியே நின்றான். இடது பக்கம், அக்குளுக்குக் கீழே விழுந்தது. அந்தச் சத்தத்தில் இரண்டு பக்கத்துப் பெற்றோரும் ஒரு கணம் பேச்சை நிறுத்தினார்கள்.

அழவில்லை. முதல் பேஸுக்கு ஓடினான். எல்லோரும் கைதட்டினோம்.

ராத்திரி குளித்துவிட்டு வந்தவனைத் திருப்பிப் பார்த்தேன். கொய்யாப்பழம் அளவுக்குச் சிவந்திருந்தது. நடுவில் பந்தின் தையல் அச்சாக விழுந்திருந்தது, வளைந்து போகிற சின்னச் சின்னக் கோடுகள். பேஸ்பாலில் 108 இரட்டைத் தையல்கள் உண்டு. 108 என்றால் ஒருவருக்கு அர்ச்சனை ஞாபகம் வரும், இன்னொருவருக்கு ஆம்புலன்ஸ். அவன் உடம்பில் நான் ஒன்பது வரை எண்ணினேன். ஐஸ் வைத்தேன். சரியாகிவிடும் என்றேன். காயம் ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது.

*

அதற்குப் பிறகு நான்கு ஆட்டம், மட்டையில் ஒன்றும் படவில்லை. பந்து வரும்போது இடது கால் மூன்றாவது பேஸ் பக்கமாக விலகிப்போகிறது. காலோடு இடுப்பும் போகிறது, இடுப்போடு தலையும். மட்டை மட்டும் எங்கேயோ நீண்டு வந்து வெளிப்பந்துக்கு எட்டாமல் நிற்கிறது. இங்கே இதை 'வாளிக்குள் கால் வைப்பது' என்கிறார்கள். பழைய பேர்.

கராஜில் இரண்டு வாரம் காலைத் திருத்தினோம். விசித்திரம் என்னவென்றால், டீயில் வைத்து அடிக்கும்போது கால் நேராகத்தான் போகிறது. அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

அப்புறம் பலகை. ஒரு மரச்சட்டத்தை அவன் குதிகாலுக்குப் பின்னால் கிடத்திவிட்டு நான் பந்தை எறிந்தேன். விலகினால் கால் சட்டத்தில் இடிக்கும். மூன்றே நாளில் கால் அடங்கிவிட்டது. ஆனால் பந்து கையைவிட்டுக் கிளம்பியதும் அவன் பின்புறம் தானாக விலகிப்போனது. கால் மட்டும் ஆணி அடித்த மாதிரி அங்கே, மற்றதெல்லாம் ஓடிப்போகத் தயார். பார்க்கச் சிரிப்பாக இருந்தது. சிரித்தேன். அவன் மட்டையைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டான்.

*

அவன் அணியின் பயிற்சியாளர் ஓய்வுபெற்ற தபால்காரர். சொந்தப் பேரன்களெல்லாம் கல்லூரிக்குப் போய்விட்டார்கள், இவர் மட்டும் இன்னும் லீக்கை விடவில்லை. சூரியகாந்தி விதையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு பேசுவார், அதனால் பேச்சு குறைவு.

பலகை விஷயத்தை அவரிடம் பெருமையாகச் சொன்னேன். விதைத்தோலைத் துப்பிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நீங்கள் கடைசியாக எப்போது பந்துக்கு முன்னால் நின்றீர்கள்?"

*

மே, முதல் சனி

பேட்டிங் கேஜுக்குப் போனோம். டோக்கன் போட்டால் இயந்திரம் பந்துகளை ஒவ்வொன்றாக எறியும். பையனை வெளியே நிற்கவைத்துவிட்டு நானே ஐம்பது மைல் கூண்டுக்குள் போனேன். வாடகை ஹெல்மெட் நெற்றியை இறுக்கியது. உள்ளே வேறு யாரோ ஒருவரின் வியர்வை நாற்றம்.

இயந்திரத்தின் சிவப்பு விளக்கு எரிந்தது. முதல் பந்து வந்ததே தெரியவில்லை, பின்னால் ரப்பர் பாயில் மோதிய சத்தம்தான் கேட்டது. இரண்டாவது பந்து கண்ணில் பட்டது. நேராக என் முகத்துக்கு வருகிற மாதிரி இருந்தது. இல்லை என்று எனக்குத் தெரியும். இயந்திரம் ஒரே இடத்துக்குத்தான் எறியும், என்னைவிட்டு இரண்டடி தள்ளிப் போகும். எல்லாம் தெரியும். மூன்றாவதுக்கு மட்டையை வீசினேன்.

"அப்பா, கால்" என்றான் வலைக்கு அந்தப் பக்கம் இருந்து.

குனிந்து பார்த்தேன். என் இடது கால் அடிப்பவர் நிற்கிற கட்டத்தின் கோட்டைத் தாண்டிப் போய் நின்றது. அதை நான் அங்கே வைத்ததாக எனக்கு நினைவே இல்லை.

மீதிப் பந்துகளையும் ஆடினேன். ஒவ்வொரு தடவையும் கால் போனது. வெளியே வந்து ஹெல்மெட்டைக் கழற்றியபோது அவன் கிண்டல் செய்வான் என்று எதிர்பார்த்தேன். தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

"ஃபாஸ்ட்டா வருதுல்ல?"

"ஆமாடா."

காரில் கொஞ்ச நேரம் கழித்து, "வலிச்சுதா அன்னிக்கு?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியை ஒரு மாதம் தாமதமாகக் கேட்கிறேன் என்று கேட்டு முடிக்கும்போதுதான் தெரிந்தது. ரொம்ப நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மூச்சு வரல" என்றான்.

*

தபால்காரர் சொன்ன வைத்தியம்: அடிபடக் கற்றுக்கொடுங்கள்.

பயந்து விலகுகிறவன் நெஞ்சைப் பந்துக்குத் திறந்து காட்டிக்கொண்டு விலகுகிறான், ஆபத்து அதில்தான் அதிகம் என்றார். உள்ளே வருகிற பந்துக்கு முன்தோளை உள்பக்கமாகத் திருப்ப வேண்டும். முதுகு எறிபவனுக்கு, தாடை தோளுக்குள், மட்டை கீழே. சதைப்பற்றான இடத்தில் வாங்கிக்கொண்டு முதல் பேஸுக்குப் போகலாம்.

கொல்லையில் ஒரு வாளி டென்னிஸ் பந்து. இருபதடியிலிருந்து அவன்மேலேயே எறிந்தேன். முதல் பந்துக்கு வழக்கம்போல நெஞ்சைத் திறந்தான், வயிற்றில் பட்டது. வலிக்கவில்லை. ஆச்சரியமாகப் பார்த்தான். பத்தாவது பந்துக்குள் தோளைத் திருப்ப வந்துவிட்டது. இருபதாவதில் முதுகில் பொத்தென்று விழுந்ததற்குச் சிரிக்க ஆரம்பித்தான். "இன்னும் ஃபாஸ்ட்டா போடு." போட்டேன். அப்புறம் நான் நின்றேன், அவன் எறிந்தான். கொஞ்சம் அதிகப்படியான உற்சாகத்துடன் எறிந்தான் என்றுதான் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே எட்டிப்பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் போனார்.

கடைசியில் கலந்து எறிந்தேன். சில அவன்மேல், சில பிளேட்டுக்கு மேல். எது எது என்று அவனே பார்த்து, ஒன்றுக்குத் திரும்ப வேண்டும், ஒன்றை அடிக்க வேண்டும். அடித்த பந்துகளில் கால் எங்கே போனது என்று அன்று நான் பார்க்க மறந்துவிட்டேன்.

*

1953-ல் கனெக்டிகட் மாநிலத்தின் ஃபேர்ஃபீல்டில் டேவிட் மல்லனி என்ற அப்பா, தன் பன்னிரண்டு வயதுப் பையன் கொல்லையில் பிளாஸ்டிக் கோல்ஃப் பந்தை வளைத்து எறியப் பார்த்துக் கையை நோகடித்துக்கொள்வதைக் கவனித்தார். உட்கார்ந்து பிளாஸ்டிக் பந்துகளில் விதவிதமாகத் துளை வெட்டிப் பார்த்தார். ஒரு பாதியில் மட்டும் எட்டு நீளத் துளைகள் வைத்த பந்து, கையைத் திருகாமலே வளைந்து போனது. வீசித் தவறுவதை அந்தப் பிள்ளைகள் விஃப் என்பார்களாம். அதிலிருந்து விஃபில் பந்து. இன்றைக்கும் இங்கே எந்தக் கொல்லையிலும் வெள்ளையாக ஒன்று புல்லுக்குள் கிடக்கும்.

எனக்கு அந்த மனிதரைப் பிடித்திருக்கிறது. இப்படி எறி, அப்படி எறி என்று அவர் பையனுக்குச் சொல்லியிருக்கலாம். கத்தியை எடுத்துக்கொண்டு மேஜைக்குப் போயிருக்கிறார்.

*

மே, நடு வாரம்

கண் விஷயம். டெர்ரி பேஹில், டாம் லாரிட்ஸ் என்ற இருவர் 1984-ல் எழுதிய கட்டுரை. தூண்டில் நூலில் ஒரு பிளாஸ்டிக் பந்தைக் கோத்து, மோட்டாரால் வேகமாக இழுத்து, அடிப்பவனின் கண் அசைவை அளந்திருக்கிறார்கள். சாதாரண ஆள் பிளேட்டுக்கு ஒன்பதடி முன்பே பந்தை விட்டுவிடுகிறான். அவர்கள் அளந்த தொழில்முறை ஆட்டக்காரர் ஐந்தரை அடிவரை தொடர்ந்தார். அதற்குப் பின் அவருக்கும் இல்லை. மட்டையில் படுகிற வரை பந்தை யாராலும் கண்ணால் தொடர முடியவில்லை. அந்தக் கடைசித் தூரத்தில் நம்பிக்கையில்தான் அடிக்கிறார்கள்.

'கண்ணை எடுக்காதே' என்று பிப்ரவரியிலிருந்து நான் எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன்.

சொல்வது தப்பில்லை என்று பிறகு தோன்றியது. தலையை ஆட்டாமல் வைத்திருக்க அந்த வார்த்தை உதவுகிறது. ஆனால் அவன் சில சமயம் "பாத்தேன்ப்பா, காணாமப் போயிடுச்சு" என்று சொன்னபோது சாக்கு என்று நினைத்துத் திட்டியிருக்கிறேன். பையன் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான்.

*

வேலியோரத்தில் நிற்கும் அப்பாக்களின் குரல்கள். பின்காலை ஊன்று. கையை உள்ளே வை. பொறுமை. ஆக்ரோஷம். இரண்டையும் ஒரே ஆள் ஒரே மூச்சில் சொல்லக் கேட்டேன். போன மாதம்வரை அந்த ஆளாக நானும் இருந்திருக்கிறேன், தமிழில்.

இப்போது எனக்கு நானே விதித்துக்கொண்டது: ஆட்டத்தின்போது ஒரு சொல்கூடக் கிடையாது. முதல் ஆட்டத்தில் கை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. தபால்காரரிடமிருந்து சூரியகாந்தி விதை வாங்கிக்கொண்டேன். வாயில் வேலை இருந்தால் சுலபமாக இருக்கிறது.

*

ஜப்பானிய ஆட்டக்காரர் இச்சிரோவை அவர் அப்பா மூன்றாம் வகுப்பிலிருந்து நாள் தவறாமல் பயிற்சிக்கு அழைத்துப் போனார், நகோயா விமான நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த பேட்டிங் சென்டருக்கும். பிள்ளை 2004-ல் ஒரே சீசனில் 262 ஹிட் அடித்தார். அதை இன்றுவரை யாரும் தாண்டவில்லை. 2025-ல் ஹால் ஆஃப் ஃபேமுக்கு 394 வாக்கில் 393 பெற்றுப் போனார். ஆனால் அந்தச் சிறுவயதுப் பயிற்சி கொடுமையின் எல்லையில் இருந்தது என்று இச்சிரோவே பின்னாளில் பேசியிருக்கிறார். முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு எத்தனையோ அப்பாக்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அலைகிறார்கள்.

எனக்குப் பக்கத்தில் வருவது இன்னொரு ஜப்பானிய ஆட்டக்காரரான ஓதானியின் அப்பா. இவாதே மாகாணத்தில் உள்ளூர்ச் சிறுவர் அணிக்கு அவரே பயிற்சியாளர். அணியில் சொந்த மகனைத் தனியாகக் கவனித்தால் தப்பாகிவிடும். அதனால் இருவருக்கும் நடுவே ஒரு நோட்டு. ஆட்டம் முடிந்து பையன் தனக்குத் தோன்றியதை எழுதுவான், அப்பா பதில் எழுதுவார். அப்பா திரும்பத் திரும்ப வலியுறுத்தியவை மூன்று: உரத்த குரலோடு உற்சாகமாக ஆடு, பந்தை எறிந்து பிடிக்கும் பயிற்சியை மனசு வைத்துச் செய், முழு வேகத்தில் ஓடு.

மூன்றிலும் மட்டை இல்லை. இரண்டு மூன்று தடவை படித்துப் பார்த்தேன்.

நாங்களும் ஒரு நோட்டு போட்டோம். அவன் எழுதுவது ஆங்கிலத்தில், நான் எழுதுவது தமிழில், அவன் எழுத்துக்கூட்டிப் படிப்பான் என்று ஏற்பாடு. முதல் பக்கத்தில் அவன் எழுதியது, தமிழில் சொன்னால்: 'இன்று மூன்று தடவை நின்றேன். ஒரு வாக். இரண்டு ஸ்ட்ரைக்அவுட். ஒரு பந்துக்குப் பயமில்லை.' ஒரு பந்து. எத்தனை பந்துகளில் என்று கேட்கவில்லை. கீழே என்ன எழுதுவது என்று வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்துவிட்டு, 'எந்தப் பந்து?' என்று மட்டும் எழுதினேன்.

*

டெட் வில்லியம்ஸ் 1941-ல் .406 சராசரியில் அடித்தார். அதற்குப் பிறகு அமெரிக்கன், நேஷனல் லீக்குகளில் முழு சீசனுக்கு .400-ஐ யாரும் எட்டவில்லை. அடிப்பதைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தில் ஒரு படம் உண்டு. ஸ்ட்ரைக் பகுதியை, அதாவது அடிக்க வேண்டிய பந்து வருகிற சட்டத்தை, 77 பந்துகளால் நிரப்பி, ஒவ்வொரு இடத்துக்கும் தன்னால் எவ்வளவு அடிக்க முடியும் என்று எண் போட்டிருப்பார். நடுவில் .400. வெளியே தாழ்வான மூலையில் .230. இவ்வளவு பெரிய ஆட்டக்காரருக்கும் கைக்கு எட்டாத மூலை இருந்திருக்கிறது, அதை எண்ணோடு அச்சிட்டும் விட்டார்.

இந்தப் படத்தைக் காட்டிய நாளிலிருந்து ஒரு விளையாட்டு. நான் எறிவேன், அவன் மட்டையைத் தோளிலிருந்து எடுக்கவே கூடாது. பந்து தாண்டியதும் 'என்னுது' அல்லது 'வேணாம்' என்று மட்டும் சொல்ல வேண்டும். நாற்பது பந்து. அடிக்க வேண்டிய கட்டாயம் போனதும் கால் அதன் இடத்தில் சும்மா நிற்கிறது. அவன் முகத்தை நான் அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். பந்து என் கையைவிட்டுக் கிளம்புகிற இடத்தில் அவன் கண் காத்திருக்கிறது. வாய் லேசாகத் திறந்திருக்கிறது, கைக்குழந்தையாக இருந்தபோது மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்த மாதிரி.

*

மழை. ஆட்டம் ரத்து. அவன் நோட்டில் மழை படம் வரைந்திருந்தான்.

*

ஜூன், கடைசிக்கு முந்தைய ஆட்டம்

அதே உயரமான பையன். ஏப்ரலில் எறிந்தவன். பெயர் அறிவித்ததும் இவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் விதையைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

முதல் பந்து வெளியே, விட்டான். இரண்டாவது நடுவில், வீசித் தவறினான். மூன்றாவது உள்ளே. தோள் திரும்பியது, தாடை உள்ளே போனது, பந்து முதுகுக்குப் பின்னால் ஓர் அடி தள்ளிப் போயிற்று. நிமிர்ந்து, மட்டையால் பிளேட்டின் ஓரத்தைத் தட்டிவிட்டு மறுபடி நின்றான். முன்பு இருந்த அதே இடத்தில்.

நான்காவது பந்து. கால் எறிபவனை நோக்கி நேராகப் போனது. இடுப்பு திரும்பியதைப் பார்த்தேன், அம்மாவின் ஈரத்துண்டு. பந்து மட்டையில் உரசி நேராகப் பின்னால் பறந்து, என் முகத்துக்கு முன்னால் இருந்த கம்பிவலையில் மோதியது. வலை நடுங்கிக்கொண்டே இருந்தது. ஃபவுல். நேராகப் பின்னால் போகிற ஃபவுல் என்றால் நேரம் துல்லியம், மட்டை ஒரு நூல் கீழே போய்விட்டது என்று அர்த்தம். தபால்காரர் டக்அவுட்டிலிருந்து என் பக்கம் திரும்பிப் புருவத்தை மட்டும் தூக்கினார்.

ஐந்தாவது வெளியே தாழ்வான மூலை. டெட் வில்லியம்ஸின் .230. அசையாமல் நின்றான். அம்பயர் கையைத் தூக்கிவிட்டார், மூன்றாவது ஸ்ட்ரைக், அவுட்.

மட்டையை அதன் இடத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்து தண்ணீர் குடித்தான். போன வருஷம் என்றால் ஹெல்மெட்டைக் கழற்றாமல் முகத்தை மறைத்துக்கொண்டிருந்திருப்பான்.

காரில்:

"அந்த ஃபவுல் பாத்தியாப்பா?"

"பாத்தேன்."

"ஸ்ட்ரெய்ட் பேக்."

"ம்."

அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை. அவன் எதிர்பார்த்தானோ என்னவோ. கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே, "கடைசி பால் வேணாம்தான்" என்றான். எனக்கு அது ஸ்ட்ரைக் மாதிரிதான் தெரிந்தது. சொல்லவில்லை.

*

ஞாயிறு சாயங்காலம்

வெளிச்சம் எட்டரை வரை இருக்கிறது. கொல்லையில் வாளி நிறைய விஃபில் பந்து. அவன் பிளேட்டை வைத்தான், நான் அடியெண்ணிப் போய் நின்றேன். ஐந்தாறு பந்து நடுவில் போட்டேன், எல்லாம் வேலிக்குப் போனது. மல்லனியின் துளைகள் காற்றில் விசிலடித்தன.

அவன் மட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு கையைக் காட்டி நிறுத்தினான்.

"உள்ள போடுப்பா."

போட்டேன். திரும்பாமல், விலகாமல், கையை மடக்கி இடுப்போடு சேர்த்து அடித்தான். இடது பக்க வேலியில் பட்டது.

"இன்னும் உள்ள."

குனிந்து வாளியிலிருந்து அடுத்த பந்தை எடுத்தேன்.